சிக்கலான பௌத்திரத்துக்கு பிளக் வைக்கலாமா? வைத்தவர்கள் சொல்லுங்கள்

3 பிப்ரவரி 2025 (கேள்வி)

வயது 34. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆசனவாய் ஓரத்தில் கட்டி வந்தது, கிழித்துவிட்டார்கள். ஆறிய இடத்தில் ஒரு சின்னத் துளை நின்றுவிட்டது, இன்னமும் கசிகிறது. இப்போது பார்த்த சர்ஜன் இது சிக்கலான பௌத்திரம், வெட்டினால் மலம் அடங்காமல் போகலாம், கொலாஜன் என்ற புரதத்தால் செய்த பிளக்கைப் பாதைக்குள் வைத்து மூடிவிடலாம் என்கிறார். பிளக்குக்கு மட்டுமே பெரிய தொகை. வெட்டு இல்லை, வலி இல்லை, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குணம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு

தம்பி, வைத்துக்கொண்டவன் நான். எனக்கு அது நிற்கவில்லை. கொஞ்ச காலம் கசிவு அடங்கியிருந்தது, பிறகு அதே துளை திரும்பத் திறந்துகொண்டது. அதற்கப்புறம் லிஃப்ட் என்கிற வேறு அறுவை செய்து ஆறியது. ஆனாலும் பிளக் வைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஏன் என்று நிதானமாக எழுதுகிறேன்.

அதுவரை அவசரப்பட்டு முன்பணம் கட்ட வேண்டாம். பௌத்திரம் பெரும்பாலும் நமக்கு நேரம் கொடுக்கும். காய்ச்சல், துடிக்கிற வலி, வீக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, அன்றைக்கே போய் வடிக்க வேண்டும்.

ஒரு கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா?

4 பிப்ரவரி

எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பிளக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும்.

ஆசனவாய்க்குள் கொஞ்சம் மேலே, ஒரு வரிக்கோட்டில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துச் சீழ் பிடித்தால், அந்தச் சீழ் வெளியே வர வழி தேடும். தோல் பக்கம் வந்து கட்டியாக உடையும், அல்லது கிழித்து விடுவார்கள். அப்படிச் சீழ்க்கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ உள்வாயிலிருந்து வெளிவாய் வரைக்கும் ஒரு சுரங்கப் பாதை தங்கிவிடுகிறது. அதுதான் பௌத்திரம். கசிவை நாம் வெளிவாயில் பார்க்கிறோம், ஆனால் நோய் உட்கார்ந்திருப்பது உள்வாயில்.

அந்தப் பாதை போகும் வழியில் இரண்டு சுருக்குத்தசை வளையங்கள் உண்டு. உள் வளையம் தானாக இயங்குவது. வெளி வளையம் நம் கட்டுப்பாட்டில் இருப்பது, பேருந்தில் போகும்போது அடக்கிக்கொள்கிறோமே, அந்தத் தசை. பாதை கீழாகவே, தசையைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டு போனால், அதைத் திறந்துவிடுவதுதான் மிக நல்ல சிகிச்சை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறிவிடும். பாதை வெளித்தசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடந்தால் திறக்க முடியாது. திறந்தால் நோய் போகும், அதோடு அடக்குகிற சக்தியும் போகலாம். இதைத்தான் சிக்கலானது என்கிறார்கள். கிளைப் பாதைகள் இருந்தாலும், ஒருமுறை அறுவை செய்து திரும்பி வந்திருந்தாலும், பெண்களுக்கு முன்பக்கம் இருந்தாலும், கிரோன் நோயோ (குடலில் வரும் நாள்பட்ட அழற்சி) காசநோயோ காரணமாக இருந்தாலும் இதே வகைதான்.

லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பார்க்ஸும் அவரது சகாக்களும் 400 நோயாளிகளின் பாதைகளைப் பார்த்து 1976ல் ஒரு வகைப்பாடு கொடுத்தார்கள். பாதை இரண்டு தசைகளுக்கு நடுவிலேயே இறங்குகிறதா, வெளித்தசையைத் துளைக்கிறதா, அதற்கு மேலே ஏறி இறங்குகிறதா, எல்லாவற்றுக்கும் வெளியே போகிறதா என்று நாலு வகை. உங்கள் அறிக்கையில் இந்த நாலில் ஒன்று எழுதியிருக்க வேண்டும். விரல் பரிசோதனையிலேயே நிறையக் கண்டுபிடிக்கிற கைதேர்ந்த சர்ஜன்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் "சிக்கலானது" என்று சொல்லி விலை உயர்ந்த பொருளை உள்ளே வைக்கப் போகிறார் என்றால், படம் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒளிந்திருக்கும் ஒரு கிளை, ஒரு சின்னச் சீழ்ப்பை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே எந்த பிளக்கும் நிற்காது.

4 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

எம்.ஆர்.ஐ. என்று பொதுவாகச் சொன்னால் இடுப்பு முழுவதையும் எடுத்துத் தந்துவிடுவார்கள். பௌத்திரத்துக்கான எம்.ஆர்.ஐ. என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். படம் மட்டும் போதாது, பாதை எந்தக் கடிகார நிலையில் போகிறது (ஆசனவாயைக் கடிகார முகமாக நினைத்து இடத்தைச் சொல்வது), உள்வாய் எங்கே, தசையில் எவ்வளவு, கிளை உண்டா என்று எழுத்தில் அறிக்கை வேண்டும்.

6 பிப்ரவரி

இனி அந்தத் தொண்ணூறுக்கு வருகிறேன். அது பொய் இல்லை, அதற்கு ஒரு கதை உண்டு.

2006ல் அமெரிக்காவில் அட்லாண்டாவில் ஒரு குழு 25 நோயாளிகளிடம் இரண்டு பொருள்களை ஒப்பிட்டது. பத்துப் பேருக்கு ஃபைப்ரின் பசை, 15 பேருக்கு பிளக். பசை வைத்தவர்களில் நாலு பேருக்குத்தான் மூடியது. பிளக் வைத்தவர்களில் 13 பேருக்கு மூடியது, அதாவது 87 சதவீதம். அவர்களைக் கவனித்த காலம் ஏறக்குறைய மூன்று மாதம். அதே குழு 46 பேரை இன்னும் நீண்ட காலம் கவனித்து வெளியிட்டதிலும் 83 சதவீதம் வந்தது. உலகம் முழுக்க சர்ஜன்கள் பிளக்கை எடுத்துக்கொண்டதற்கு இந்த எண்கள்தான் காரணம்.

மற்ற ஊர்களில் வைத்துப் பார்த்தபோது அந்த எண் நிற்கவில்லை. ஸ்பெயினில் 2009ல் வெளியான ஆய்வில் பிளக்கையும் ஃபிளாப் அறுவையையும் ஒப்பிட்டார்கள் (ஃபிளாப் என்றால் மலக்குடலின் உட்சுவரிலிருந்து ஒரு மடிப்பை இறக்கி உள்வாயை மூடுவது). பிளக் வைத்த 15 பேரில் 12 பேருக்குத் திரும்பி வந்தது, ஃபிளாப் செய்த 16 பேரில் இரண்டு பேருக்கு. அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். நெதர்லாந்தில் 2011ல் வெளியானதில் பிளக் வைத்தவர்களில் 71 சதவீதத்தினருக்கும் ஃபிளாப் செய்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும் திரும்பியது.

இதைப் படித்ததும் பிளக்கே மோசடி என்று முடிவு கட்டத் தோன்றும். அதுவும் சரியில்லை. இங்கிலாந்தில் ஃபியாட் என்ற பெயரில் 304 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019ல் முழு அறிக்கையாக வந்தது. ஒரு பாதிப் பேருக்கு பிளக், இன்னொரு பாதிக்கு சர்ஜன் தனக்குப் பிடித்த முறையைச் செய்யலாம். ஒரு வருடம் கழித்து ஆறியவர்கள் பிளக்கில் 54 சதவீதம், மற்றதில் 55 சதவீதம். வாழ்க்கைத் தரத்திலும் வித்தியாசம் இல்லை. செலவு பிளக்குக்குச் சற்றுக் கூடுதல்.

ஆகவே வீடியோவில் 90 என்று கேட்டால் மனதுக்குள் அதைப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

7 பிப்ரவரி

"அப்படியென்றால் காசு கொடுத்து எதற்கு அதை வைப்பது" என்று கேட்டவருக்கு. தசையைத் தொடாமல் செய்கிறார்கள் என்பதற்காக. தோற்றாலும் பழைய இடத்துக்கே திரும்புகிறோம், பெரும்பாலும் அதைவிட மோசமான இடத்துக்குப் போவதில்லை. எனக்கு நடந்தது அதுதான். பிளக் போனது, ஆனால் அடக்கும் சக்தியில் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதனால்தான் அடுத்த அறுவைக்கு என்னிடம் முழுத் தசை இருந்தது.

நான் வகுப்பறையில் நின்று பாடம் நடத்துகிறவன். கசிவோடு பஞ்சு வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், அது சகிக்கக் கூடியது. பாதி வகுப்பில் அடக்க முடியாமல் போகும் என்ற பயத்தோடு மட்டும் என்னால் ஒரு நாள்கூட நின்றிருக்க முடியாது. ஆறுமா ஆறாதா என்பதைவிட அடக்கம் போகுமா என்பதைத்தான் நான் முதலில் கேட்டேன். ஆளுக்கு ஆள் இது மாறும். முப்பது வருடம் இந்தத் தசையோடு வாழ வேண்டியவர் ஒரு மாதிரி யோசிப்பார், கசிவைத் தாங்கவே முடியாதவர் வேறு மாதிரி யோசிப்பார்.

9 பிப்ரவரி

பொருள்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் "பயோ" என்று ஒரே பெயரில் விற்கிறார்கள், ஆனால் வேறு வேறு சரக்கு.

ஃபைப்ரின் பசை: ரத்தம் உறையும்போது உடம்பு என்ன செய்கிறதோ அதையே ஊசிக்குழலில் செய்வது. ஃபைப்ரினோஜனும் த்ராம்பினும் பாதைக்குள் சேரும்போது உறைந்து கெட்டியாகும். எளிது, வலி குறைவு, திரும்பச் செய்யலாம். பாதை நீர்த்திருந்தால் வழுக்கி வெளியே வந்துவிடும், அல்லது உள்ளே செல்கள் வளர்வதற்கு முன்பே கரைந்துவிடும்.

கொலாஜன் பிளக்: பன்றியின் சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு படலத்தை எடுத்து, செல்களையெல்லாம் கழுவி நீக்கி, உறைய வைத்து உலர்த்தி, ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த கூம்பாகச் சுருட்டியது. முதலில் சர்ஜிசிஸ் என்ற பெயரில் வந்தது, பிறகு பயோடிசைன் என்று மாறியது. அது துளையை அடைக்கும் கார்க் இல்லை. அவரைக் கொடிக்குக் கொம்பு நடுவதுபோல, நம் செல்கள் பிடித்து ஏறி வளர ஒரு பிடிமானம். சில மாதங்களில் நம் திசு அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். செல்கள் ஏறுவதற்கு முன்னால் சீழ் வந்தால் கொம்பே விழுந்துவிடும்.

செயற்கைப் பிளக்: விலங்குச் சரக்கு இல்லை. கரைகிற தையல் நூலுக்குப் பயன்படும் வகையான பாலிமரில் செய்தது. கோர் பயோ-ஏ என்பது தெரிந்த பெயர். ஒரு வட்டத் தகடும் அதிலிருந்து நீளும் குழல்களும். தகடு உள்வாயில் உட்கார்ந்து தைக்கப்படும், அதனால் இழுபட்டு வெளியே வருவது குறையும் என்பது யோசனை.

கொலாஜன் கூழ்: பெர்மகோல் என்ற பெயரில் வந்தது. பன்றித் தோலின் கொலாஜன், ஊசிக்குழலில் பாதைக்குள் நிரப்புவது. வளைந்து நெளிந்த பாதைக்குக் கூம்பைவிட ஏற்றது என்று நினைத்தார்கள். ஐரோப்பாவில் 100 பேரிடம் பார்த்ததில் ஒரு வருட முடிவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆறியிருந்தது. பாருங்கள், மறுபடியும் அதே பாதி.

9 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பொருளைப் பற்றி நீளமாக எழுதிவிட்டு, அதை எப்படி வைக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டேனே. முடிவைத் தீர்மானிப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு.

முதலில் ஒரு தளர்ந்த நூலைப் பாதைக்குள் விட்டு வளையமாகக் கட்டிவிடுவார்கள். செட்டான் என்பார்கள். பெரும்பாலும் சிலிகான் நூல். அது வெட்டுவதற்கு இல்லை, வழி அடைபடாமல் சீழ் வடிந்துகொண்டே இருப்பதற்கு. சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள். பாதை சுருங்கி, கசிவு தெளிந்து, கிளைகள் அடங்கிய பிறகுதான் பிளக். வைக்கும்போது உள்வாய் வழியாக இழுத்து, தடித்த முனை உள்வாயில் இறுகும்படி கொண்டுவந்து, உள்தசையோடு சேர்த்துக் கரையும் நூலால் தைக்க வேண்டும். வெளிப்பக்கம் மிஞ்சியதை நறுக்கிவிட்டு, வெளிவாயைத் திறந்தே விட வேண்டும், நீர் வடிய. 2007ல் சிகாகோவில் சர்ஜன்கள் கூடி பிளக் வைப்பதற்கான முறையைப் பேசி முடித்தபோதும் இதையேதான் வலியுறுத்தினார்கள்: சீழ் இருக்கும்போது வைக்காதே, உள்வாயில் பிடிப்பாகத் தை, வெளிவாயை மூடாதே.

எனவே உங்கள் சர்ஜனிடம் பிளக்கின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "செட்டான் போட்டு எவ்வளவு காலம் விடுவீர்கள்" என்று கேளுங்கள். செட்டானே வேண்டாம், நேரே பிளக் என்றால் இன்னொரு சர்ஜனையும் பார்த்துவிடுங்கள்.

பாதையின் நீளமும் கணக்கில் வரும். நீண்ட, ஒற்றையான பாதைக்கு பிளக் நன்றாகப் பிடிக்கிறது. ரொம்பக் குட்டையான பாதையில் அதற்குப் பிடிமானம் இல்லை.

11 பிப்ரவரி

செட்டானோடு எப்படி வேலைக்குப் போவது என்று கேட்டவருக்கு: போகலாம். முதல் வாரம் உறுத்தும், அப்புறம் பழகிவிடும். மலம் போன பிறகு காகிதத்தால் தேய்க்காமல் தண்ணீர்தான். வெதுவெதுப்பான நீரில் டப்பில் உட்கார்வது இதமாக இருக்கும், கல் உப்பு போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். உள்ளாடையில் சின்னப் பஞ்சு அல்லது பெண்கள் வைக்கும் மெல்லிய பேட். என் மனைவிதான் அதை எடுத்துக் கொடுத்தார், அதைவிட வசதியானது எதுவும் இல்லை. மருந்துக் கடையில் கேட்க வெட்கப்படும் ஆண்களுக்காக இதை எழுதுகிறேன்.

12 பிப்ரவரி

ஒரு சகோதரர் தனிச்செய்தியில் கேட்டார்: பன்றிச் சரக்கு என்பதால் மார்க்கப்படி தயக்கம், அதைச் சொன்னால் சர்ஜன் என்ன நினைப்பாரோ. என்ன நினைத்தாலும் சொல்லுங்கள். உங்கள் உடம்புக்குள் என்ன வைக்கிறார்கள் என்பதை அறுவைக்கு முன் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை, ஒப்புதல் படிவத்தின் நோக்கமே அதுதான். அனுமதி உண்டா இல்லையா என்பதை உங்கள் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும், நான் சொல்லும் இடம் இல்லை. மருத்துவப் பக்கம் மட்டும் சொல்கிறேன்: செயற்கைப் பிளக் இருக்கிறது, பொருளே வேண்டாத லிஃப்ட், ஃபிளாப் இருக்கின்றன. பன்றிக் கொலாஜனை மறுப்பதால் குணமாகும் வாய்ப்பை நீங்கள் இழக்கவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்களும் இதையே கேட்டுக்கொள்ளலாம். என்னிடம் அறுவைக்கு முன் இதை யாரும் சொல்லவில்லை, பெட்டியில் இருந்த சீட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அதில் தடை இல்லை, ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

14 பிப்ரவரி

சுவர் விளம்பரங்களைப் பற்றி யாரோ கேட்டீர்கள். பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரில் "மூலம் பௌத்திரம், ஒரே ஊசியில் குணம்" என்று எண்ணோடு எழுதியிருக்குமே, அவற்றை. அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. எரிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றி ஆசனவாயே சுருங்கிப்போனவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ஆனால் காரநூல் வேறு விஷயம், அதை இந்த ஊசியோடு சேர்த்துத் திட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாயுருவிச் சாம்பல் உப்பு, கள்ளிப்பால், மஞ்சள் மூன்றையும் நூலில் பலமுறை பூசி உலர்த்தி, பாதைக்குள் விட்டுக் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றுவது. சுசுருதர் காலத்திலிருந்து பேசப்படுவது, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் உயிர்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே பல ஊர்களில் 502 பேரிடம் அறுவையோடு ஒப்பிட்டு 1991ல் முடிவை வெளியிட்டது. ஆற எடுத்த காலம் கூடுதல்: அறுவையில் சுமார் நாலு வாரம், காரநூலில் சுமார் எட்டு. திரும்பி வந்தது அறுவையில் 11 சதவீதம், காரநூலில் 4 சதவீதம். நல்ல எண்கள்.

என் கவலை ஒன்றுதான். காரநூல் மெதுவாகத் தசையை வெட்டிக்கொண்டே இறங்குகிறது. வெட்டிய இடம் பின்னாலேயே ஆறிக்கொண்டு வருவதால் தசை விலகிப் போவதில்லை என்பது அதன் வாதம். கீழ்ப் பாதைக்குச் சரி. உயரமான பாதைக்கு, அதிலும் முன்பே அறுவை ஆனவருக்கு, அடக்கம் பற்றி அவர்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். முறையாகப் படித்த ஆயுர்வேத, சித்த மருத்துவர்கள் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள்.

14 பிப்ரவரி, பின்குறிப்பு

காரநூலைத் திட்டியவர் "பழைய காலத்து வைத்தியம்" என்று எழுதியிருந்தார். செட்டானும் பழசுதான் ஐயா, கிரேக்க ஹிப்போகிரேட்டஸ் குதிரை முடியை நூலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். பதினான்காம் லூயி மன்னருக்கு 1686ல் பௌத்திர அறுவை நடந்தது. அதற்கு முன்னால் அவருடைய சர்ஜன் ஃபெலிக்ஸ் ஏழைகளின் உடம்பில் பழகிப் பார்த்துக்கொண்டார், அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. நாவலாசிரியர் டிக்கன்ஸுக்கு 1841ல் இதே நோய்க்கு அறுவை நடந்தது, மயக்கமருந்து வருவதற்கு முன்னால். செய்தவர் ஃபிரெடரிக் சால்மன், மேலே சொன்ன செயின்ட் மார்க்ஸை 1835ல் ஏழைகளுக்காகத் தொடங்கியவர். மன்னரும் எழுத்தாளரும் பட்ட நோய் இது. வீட்டில் சொல்லக் கூசி வருடக்கணக்கில் மறைத்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்தாவது வாயைத் திறக்க வேண்டும்.

17 பிப்ரவரி

சகோதரி ஒருவர்: பிரசவத்தில் கிழிந்து தைத்திருக்கிறார்கள், இப்போது முன்பக்கம் பௌத்திரம், திறந்துவிடலாம் என்கிறார்களாம். சகோதரி, பெண்களுக்கு முன்பக்கம் வெளித்தசை இயல்பிலேயே குட்டை. பிரசவத்தில் ஏற்கெனவே பாதிப்பு இருக்கக்கூடும். திறப்பதற்கு முன் தசை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஆசனவாய் ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தசையைத் தொடாத முறைகள் முதலில் வர வேண்டும். பாதை பிறப்புறுப்பில் திறந்தால் அது தனி வகை. அங்கே பாதை மிகவும் குட்டை, சாதாரண பிளக் அநேகமாக நிற்காது. அதில் பழகிய சர்ஜனிடம் போங்கள்.

இன்னொன்று எல்லோருக்கும். நம் நாட்டில் பௌத்திரம் திரும்பத் திரும்ப வந்தால் காசநோய் உண்டா என்று பார்க்க வேண்டும். அறுவையின்போது பாதைச் சுவரிலிருந்து சதைத்துணுக்கு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு, எடை குறைதல், பல துளைகள் என்றால் கிரோன் நோய்க்கும் பார்க்க வேண்டும். இந்த இரண்டில் எது இருந்தாலும் மருந்துதான் அடித்தளம். காசநோய்க்கு மாத்திரை தொடங்காமல் எந்தப் பொருளை வைத்தாலும் வீண்.

18 பிப்ரவரி

ஸ்டெம் செல் ஊசி பற்றி. கிரோன் நோயால் வரும் சிக்கலான பௌத்திரத்துக்கு, கொடையாளியின் கொழுப்பிலிருந்து எடுத்து வளர்த்த 12 கோடி செல்களைப் பாதையைச் சுற்றி ஊசியாகப் போடும் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2018ல் அனுமதி கிடைத்தது. அலோஃபிசெல் என்று பெயர். முதல் பெரிய ஆய்வில் 212 பேர், ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் பாதிப் பேருக்கும் செல்கள் இல்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 34 சதவீதத்தினருக்கும் பலன். இரண்டாவது பெரிய ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை, 2023ல் அதை அறிவித்தார்கள். 2024 டிசம்பரில் ஐரோப்பியச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொண்டார்கள். இங்கே யாராவது பௌத்திரத்துக்கு ஸ்டெம் செல் என்று பணம் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

வெறும் ஊசிக்கே 34 என்பதைக் கவனித்தீர்களா? அங்கேயும் செட்டான் போட்டு, சுரண்டிச் சுத்தம் செய்து, உள்வாயைத் தைத்துத்தான் ஊசி போட்டார்கள். ஆறியதில் எவ்வளவு அந்தக் கவனமான தயாரிப்பால் என்று எனக்குக் கேள்வி வருகிறது.

20 பிப்ரவரி

ஆறியதில் எவ்வளவு தயாரிப்பால், எவ்வளவு பொருளால் என்ற கேள்வி இரண்டு நாளாகத் தொந்தரவு செய்கிறது. 6ஆம் தேதி ஃபியாட் ஆய்வைப் பற்றி 54, 55 என்று எழுதினேன். அந்த 55க்குள் நாலு முறைகள் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் திறந்துவிட்டது 75, வெட்டும் செட்டான் (தளர்வாக விடாமல் தசையை மெல்ல அறுக்கும்படி இறுக்கிக் கட்டுவது) 64, ஃபிளாப் 53, லிஃப்ட் 42 சதவீதம். எனக்கு ஆற்றியது இந்த 42தான்! ஒவ்வொரு பிரிவிலும் ஆட்கள் குறைவு, யாருக்கு எந்த முறை என்பதையும் சர்ஜன்தான் தேர்ந்தெடுத்தார், அதனால் இந்த எண்களை வைத்து முறைகளை வரிசைப்படுத்த முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. தசையை வெட்டும் முறைகள் மேலே, வெட்டாதவை கீழே. பிளக் வெட்டாத கூட்டத்தில்தான் சேரும், அங்கே அது மற்றதைவிட மோசமாக இல்லை.

அதனால் 6ஆம் தேதி எழுதியதன் தொனியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் "பிளக் வேண்டாம், லிஃப்ட் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. லிஃப்ட் என்பது பாங்காக்கில் அருண் ரோஜனசகுல் 2007ல் வெளியிட்ட முறை. இரண்டு தசைகளுக்கு நடுவில் நுழைந்து, பாதையை அங்கேயே கட்டி அறுப்பது. அவருடைய முதல் 18 பேரில் 17 பேருக்கு ஆறியது. பிளக்கைப் போலவே இதன் எண்ணும் மற்ற கைகளுக்குப் போனபோது இறங்கியிருக்கிறது.

இரண்டையும் சேர்த்தும் செய்கிறார்கள்: நடுவில் கட்டி அறுத்துவிட்டு, வெளித்தசைக்குள் மிஞ்சிய பாதையில் பிளக் வைப்பது. சீனாவில் 2016ல் வெளியான ஆய்வில் ஆறு மாதத்தில் லிஃப்ட் மட்டும் 84 சதவீதம், பிளக்கோடு சேர்த்து 94 சதவீதம். என் ஊகம், பொருளுக்கு எதிர்காலம் இந்தத் துணைவேடத்தில்தான். தனியாகப் பாதையை அடைக்கும் வேலையை அதனிடம் கொடுத்தபோதெல்லாம் பாதியில் நின்றிருக்கிறது, உள்வாயை வேறு வழியில் மூடிவிட்டுக் கொடுத்தால் அதன் வேலை சுலபமாகிறது. ஆறு மாதம் போதாது, ஒரு வருடக் கணக்கு வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

21 பிப்ரவரி

காப்பீடு: அறுவைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, பிளக்குக்கான தொகையை மட்டும் என் காப்பீட்டு நிறுவனம் கழித்துக்கொண்டது. வைக்கும் பொருளுக்கும் சேர்த்து முன் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

24 பிப்ரவரி

பிளக் வைத்த பிறகு என்ன செய்யக் கூடாது என்பதற்கு: முதல் இரண்டு வாரம் பாரம் தூக்குவது, ஓடுவது, பைக்கில் நீண்ட தூரம் போவது, குத்தவைத்து முக்குவது எல்லாவற்றையும் தவிருங்கள். பெரும்பாலும் பிளக் நழுவுவது அந்தக் காலத்தில்தான். மலம் இளகலாக இருக்க வேண்டும், பேதியாகவும் கூடாது. எனக்கு ராத்திரி ஊறவைத்த இசப்கோல் போதுமாக இருந்தது. வெளிவாயில் நீர் கசிவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது வடியத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். மஞ்சளாகக் கெட்டியாக வந்தாலோ நாற்றம் அடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

சர்க்கரை இருப்பவர்கள் அறுவைக்கு முன்பே அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள். புகைப்பவர்களுக்கு பிளக்கும் ஃபிளாப்பும் தோற்பது அதிகம்.

3 மார்ச்

தம்பி எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் போட்டிருக்கிறார். வெளித்தசையைக் கடந்து போகும் பாதை, உள்வாய் ஆறு மணி நிலையில், இடது பக்கம் குதிரை லாட வடிவில் ஒரு கிளை, அதன் நுனியில் சின்னச் சீழ்ப்பை. சர்ஜன் இதைப் பார்த்துவிட்டு, பிளக்கை இப்போது வைக்க வேண்டாம், சீழ்ப்பையை வடித்து செட்டான் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அவரிடமே இருங்கள். விற்க வேண்டிய பொருளைப் படத்தைப் பார்த்ததும் தள்ளி வைக்கிற சர்ஜன் நல்லவர். சதைத்துணுக்கு அனுப்புவாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். செட்டானோடு இருக்கும்போது கசிவு தெளிந்த பிறகு இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்து, கிளை மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அடுத்ததைப் பேசலாம். அப்போது லிஃப்டா, பிளக்கா, இரண்டுமா, ஃபிளாப்பா என்று கேட்கும்போது, அவர் கையால் எத்தனை பேருக்குச் செய்தார், ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் ஆறியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அறிக்கையின் நகலை வீட்டில் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், படத்தகடையும் சேர்த்து. அடுத்து யாரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.